வற்றிய ஓடையில் ட்ரவுட்: குற்றவாளி ஃப்ளை இல்லை

கேள்வி: கோடையில் நான் வழக்கமாகப் போகும் ஓடையில் பல இடங்களில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ட்ரவுட் மீன்கள் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் கிட்டே போவதற்குள் பாறை இடுக்கில் மறைந்துவிடுகின்றன. பெட்டியில் இருக்கும் ஃப்ளைகளை, அதாவது முள்ளில் பூச்சிபோலக் கட்டிய செயற்கை இரைகளை, எல்லாம் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துவிட்டேன். எந்த ஃப்ளைக்குத்தான் கடிக்கும்?

பதில்: ஃப்ளை பெட்டியை மூடி வையுங்கள். அந்த மீன்கள் உங்கள் ஃப்ளையைப் பார்த்து ஓடவில்லை, உங்களைப் பார்த்து ஓடுகின்றன. தண்ணீர் நிறைய இருக்கும்போது ஓட்டமும் கலங்கலும் சலசலப்பும் சேர்ந்து நம்மை மறைத்துவிடும், நாமும் ஏதோ திறமைசாலி என்று நினைத்துக்கொள்வோம். தண்ணீர் வற்றியதும் சாயம் வெளுத்துவிடுகிறது.

மீனுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் அதன் தலைக்கு மேல் சுமார் 97 டிகிரி விரிந்த ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். ஒரு அடி ஆழத்தில் கிடக்கும் மீனுக்கு அந்த வட்டம் ஏறக்குறைய இரண்டே கால் அடி அகலம், அவ்வளவுதான். சின்ன வட்டம்தானே, தப்பித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்தோம்: அந்த வட்டத்துக்குள் வானமும் மரமும் கரையும் நீங்களும் எல்லாமே அடக்கம். ஆனால் நீர்மட்டத்தை ஒட்டி, சுமார் 10 டிகிரிக்குக் கீழே இருப்பது மட்டும் வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகிவிடும். நமக்குக் கிடைக்கும் ஒரே ஒளிவிடம் அதுதான். 30 அடி தள்ளி இருந்தால் நீர்மட்டத்திலிருந்து சுமார் 5 அடி உயரம் வரை அந்த மங்கலுக்குள் அடங்கும், 20 அடிக்கு வந்தால் மூன்றரை அடிதான். ஆகவே தூரத்தில் நின்றால் குனியுங்கள், கிட்டே வந்தால் முழங்காலிடுங்கள், கரை மேடாக இருந்தால் அந்த மேட்டின் உயரத்தையும் உங்கள் உயரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். முட்டி தேயும், பேன்ட் கிழியும், பரவாயில்லை.

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அதனால் கீழிருந்து மேல்நோக்கி, அதன் வால் பக்கமாகப் போங்கள். தண்ணீரில் இறங்காமல் முடியுமென்றால் இறங்கவே வேண்டாம். அசையாத மடுவில் ஒரு கால் வைத்தால் போதும், அந்த அலை உங்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் கோள் சொல்லிவிடும். கரையில் தொம் தொம்மென்று நடப்பதும் அப்படித்தான், அதிர்வை மீன் உடம்பின் பக்கவாட்டுக் கோட்டாலேயே உணர்ந்துகொள்ளும்.

ஒரு நாள் பாறைக்குப் பின்னால் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அடியில் கிடந்த குச்சி என்று நான் நினைத்தது மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, வாய் ஒரு கணம் வெள்ளையாகத் திறந்து மூடியது, மறுபடி குச்சியாகிவிட்டது. அதே இடத்தில் இன்னும் மூன்று குச்சிகள்! நடந்து போயிருந்தால் ஒன்றுகூடக் கண்ணில் பட்டிருக்காது. கிளையில் சிக்கியிருந்த லீடரை (லைன் எனும் தூண்டில் கயிற்றுக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் மெல்லிய நரம்பு) எடுக்க எழுந்து நின்றேன், நான்கு குச்சிகளும் காணாமல் போயின. அன்றைக்கு அந்த மடு அவ்வளவுதான்.

சரி, ஃப்ளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விடமாட்டீர்கள். எறும்பு அல்லது சின்ன வண்டு போலக் கட்டியது, 16 அல்லது 18 எண் கொண்ட சின்ன முள்ளில். கோடையில் கரைப் புல்லிலிருந்து தவறி விழுவதைத்தான் மீன்கள் எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

கேள்வி: தெளிந்த நீரில் லீடர் எவ்வளவு நீளம் வேண்டும்? நுனி நரம்பு மெல்லியதாக இருக்க இருக்க நல்லதுதானே?

பதில்: வழக்கமான 9 அடியை 12 அடியாக்குங்கள், கிளைகள் அடர்ந்த இடமாக இருந்தால் 9 அடியே போதும். நுனி நரம்பான டிப்பெட் 5எக்ஸ், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர் தடிமன், மிஞ்சிப்போனால் அதைவிட மெல்லிய 6எக்ஸ். மெல்லிய நரம்பை மீன் பார்க்காது என்பார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது துவண்டு கிடப்பதால் ஃப்ளை ஓட்டத்தோடு இழுபடாமல் மிதக்கிறது, பலன் அங்கேதான் இருக்கிறது. அதற்கும் மெல்லியதாகப் போனால் அறுந்துவிடுமோ என்று பயந்து பயந்து இழுப்பீர்கள், மீன் களைத்துச் செத்துப்போகும். அப்புறம், மீனின் தலைக்கு மேல் லைனை முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். ஆட்டுவதைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு ஒரே வீச்சில் போடுங்கள். முதல் வீச்சுக்கு இருக்கும் மதிப்பு அடுத்த பத்துக்கு இல்லை.

கேள்வி: வெயில் தாழ்ந்த பிறகு, மாலை ஐந்து மணிக்குத்தான் போனேன். பிடித்த மீனை உடனே தண்ணீரில் விட்டேன், நன்றாகத்தான் நீந்திப் போனது. கொஞ்ச நேரத்தில் கீழ் மடுவில் வயிறு மேலே தெரிய மிதந்தது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: உங்களுக்கு வெயில் தாழ்ந்துவிட்டது, தண்ணீருக்குத் தாழவில்லை. நாளெல்லாம் காய்ந்த ஆழமில்லாத ஓடை அந்த நேரத்தில்தான் சூட்டின் உச்சத்தை ஒட்டி இருக்கும். மிகக் குளிர்ந்திருப்பது விடியற்காலையில். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும், 20 டிகிரியில் சுமார் 9தான். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, கிடைப்பதோ குறைவு. அந்த நிலையில் தூண்டிலில் போராடி ஓய்ந்த மீன் உங்கள் கண்ணெதிரே நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு சின்ன வெப்பமானி வாங்கிப் பையில் போடுங்கள். நிழலில், ஓட்டமுள்ள இடத்தில் கை ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். 20 டிகிரி காட்டினால் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். நான் 18லேயே கிளம்பிவிடுவேன், என்னைக் கோழை என்று சொன்னாலும் சரி. ஊற்றுவாயிலோ குளிர்ந்த கிளை ஓடை சேரும் இடத்திலோ மீன்கள் கும்பலாக நின்றால் ஆசைப்படாதீர்கள், அவை உயிர் பிழைக்க ஒதுங்கி நிற்கின்றன. குளிர்ந்த காலையில் பிடித்தாலும் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்காமலே முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே குறடால் நசுக்கி வைத்திருந்தால் ஒரு திருகில் வந்துவிடும்.

கேள்வி: இரவு ஒரு மழை பெய்தால் நிலைமை மாறுமா?

பதில்: மாறும். நீர் இரண்டு விரற்கடை ஏறி லேசாகக் கலங்கினால் போதும், அன்று காலை வேறெந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.