பச்சையா தெரியுறதெல்லாம் ட்யூபுலின் தானா?

போன இதழ்ல ஒரு செல்லோட மைக்ரோஸ்கோப் படம் போட்டிருந்தோம், நடுவுல நீலமா நியூக்ளியஸ், அத சுத்தி தலைமுடிய பிரிச்சு விட்ட மாதிரி பச்சை நூலுங்க. அந்த படத்த பத்தி வந்த கடிதங்கள்ல நாலு மட்டும் இந்த தடவ எடுத்துக்கறேன்.

கேள்வி: அந்த பச்சை செல்லோட சொந்த நிறமா, இல்ல கம்ப்யூட்டர்ல பூசினதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், விருதுநகர்)

ரெண்டுமே முழுசா சரியில்ல சார். செல்லுக்கு சொந்த நிறம்னு பெருசா எதுவும் கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும். நாம ட்யூபுலின்ங்கற புரதத்த மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கற ஆன்டிபாடிய உள்ள அனுப்பி, அதுல ஒளிர்ற சாயத்த கோத்து விடறோம், நீல ஒளி பட்டா அந்த சாயம் பச்சையா ஒளிரும், ஐபீஸ்ல கண்ண வெச்சு பாத்தா நெசமாவே பச்சை தான். ஆனா படம் எடுக்கற கேமரா பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, அதனால அச்சுல வர பச்சைய சாஃப்ட்வேர் தான் போடுது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ட்யூபுலின் கோத்து ஆன அந்த நூலுக்கு மைக்ரோட்யூப்யூல்னு பேரு, அதோட தடிமன் 25 நானோமீட்டர், சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்புக்கு 200 நானோமீட்டருக்கு கீழ பிரிச்சு பாக்க முடியாது, அப்புறம் எப்படி தெரியுது? ராத்திரி கம்மாக்கரையில போற சைக்கிள் தெரியாது, ஆனா டைனமோ லைட்டு எங்க போகுதுன்னு தெரியும்ல, அதே கதை தான். இருக்கற இடம் தெரியும், ஆனா படத்துல பாக்கற தடிமன நெசத் தடிமன்னு எடுத்துக்கக்கூடாது.

இந்த யோசனை ஆல்பர்ட் கூன்ஸ்ங்கற அமெரிக்க டாக்டருக்கு வந்தது. 1939ல பெர்லின் போயிருந்தப்போ ருமாட்டிக் காய்ச்சல்ல இதயத் திசுவுல வர முடிச்சுகளப் பத்தி யோசிச்சு, கிருமியோட துணுக்கு அங்க இருக்கான்னு நேர்லயே பாத்துட முடியாதான்னு கேட்டுக்கிட்டார். ஹார்வர்டுக்கு திரும்பி வந்து 1941ல நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியில ஆந்த்ரசீன் சாயத்த ஒட்டிக் காமிச்சார். அது நீலமா ஒளிரும், திசுவே லேசா நீலமா ஒளிர்றதால ரெண்டும் கலந்து போச்சு, அதுக்கப்புறம் தான் பச்சையா ஒளிர்ற ஃப்ளோரசீனுக்கு மாறினார். இன்னைக்கும் லேப்புல பாதி படம் பச்சையா இருக்கறதுக்கு வேர் அங்க தான் இருக்கு.

கேள்வி: எம்.எஸ்சி ப்ராஜெக்ட்ல ஹீலா செல்லுக்கு (லேப்புல வளக்கற மனுஷ செல்) ஆல்ஃபா ட்யூபுலின் ஸ்டெயினிங் மூணு தடவ பண்ணிட்டேன். நூலே தெரியல, செல் முழுக்க பச்சை மூட்டமா இருக்கு. ஆன்டிபாடி கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்க, புதுசு வாங்க காசில்ல. என்ன பண்றது? (மாணவி, திருச்சி)

புதுசு வாங்கறத பத்தி இப்ப யோசிக்காதம்மா. மொதல்ல ஒரு கேள்வி, ஃபிக்ஸ் பண்ற, அதாவது செல்ல இருக்கறபடியே நிறுத்தி வெக்கற பாராஃபார்மால்டிஹைட ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே ஊத்தினியா? நானும் படிக்கிற காலத்துல ஒரு மாசம் முழுக்க இதையே பண்ணிட்டு ஆன்டிபாடிய குறை சொல்லிட்டு இருந்தேன், அதனால தான் கேக்கறேன். மைக்ரோட்யூப்யூலுக்கு குளிர் ஆகாது, சில்லுனு பட்டா நூல் அவிழ்ந்து தனித்தனி ட்யூபுலினா கரைஞ்சுடும், கரைஞ்ச ட்யூபுலின்லயும் ஆன்டிபாடி ஒட்டும், அது தான் நீ பாக்கற மூட்டமா இருக்கணும். அதாவது ஆன்டிபாடி அதோட வேலைய ஒழுங்கா பண்ணிருக்கு, நூல் தான் அங்க இல்ல. பிபிஎஸ் வாஷ் (கழுவற உப்புக் கரைசல்), ஃபிக்ஸேட்டிவ் ரெண்டையும் 37 டிகிரிக்கு சூடு பண்ணிக்கோ, செல் வளந்திருக்கற மெல்லிய கண்ணாடித் துண்ட, அதான் கவர்ஸ்லிப்ப, இன்குபேட்டர்ல இருந்து எடுத்தா டேபிள்ல காத்திருக்க விடாம உடனே உள்ள போடு.

இல்லன்னா மைனஸ் 20 டிகிரி மெத்தனால்ல அஞ்சு நிமிஷம் போடு. குளிர் ஆகாதுன்னு சொல்லிட்டு இப்ப மைனஸ் 20ல போட சொல்றாரேன்னு நினைப்ப. மெத்தனால் தண்ணிய உறிஞ்சி புரதத்த அந்த நொடியே உறைய வெச்சுடும், நூல் அவிழ நேரமே கெடைக்காது. மெத்தனால் செல்லோட சவ்வையும் கரைச்சுடறதால தனியா ட்ரைட்டான்ங்கற சோப்பு மாதிரி பொருள் போட வேண்டாம், பாராஃபார்மால்டிஹைடுன்னா மட்டும் 0.1ல இருந்து 0.5 சதவீதம் வரைக்கும் ட்ரைட்டான் வேணும், இல்லன்னா ஆன்டிபாடி வாசல்லயே நிக்கும்.

அடுத்து அளவு. 1க்கு 100 போட்டிருக்கன்னு எழுதிருக்க, நிறைய போட்டா நல்லா தெரியும்னு நெனச்சிருப்ப, ஆனா மிஞ்சின ஆன்டிபாடி போய் கண்ட இடத்துல ஒட்டும், பின்னணி ஏறும். 200, 500, 1000, 2000னு நாலு கவர்ஸ்லிப்ல போட்டுப் பாரு, பாராஃபில்ம் மேல 30 மைக்ரோலிட்டர் சொட்டு வெச்சு கவர்ஸ்லிப்ப கவுத்துப் போட்டா ஒரு வயல் ரொம்ப நாள் வரும்.

இப்ப முக்கியமானது, இத உங்க லேப்புல யாரும் சொல்லிக் குடுக்கலன்னு உன் கடிதத்துலயே தெரியுது, எனக்கு அதுல நெசமாவே வருத்தம். ட்யூபுலின்ல ஒட்டற மொத ஆன்டிபாடி பிரைமரி, அதப் பிடிக்கற, சாயம் கோத்த ரெண்டாவது ஆன்டிபாடி செகண்டரி. ஒரு கவர்ஸ்லிப்ல பிரைமரி போடாம செகண்டரி மட்டும் போடு. எலி ஆன்டிபாடிய பிடிக்கற ஆட்டு ஆன்டிபாடி தான செகண்டரி, எலி ஆன்டிபாடியே இல்லாத செல்லுல அதுக்கு பிடிக்க ஒண்ணும் இல்ல, அந்த ஸ்லைட் இருட்டா இருக்கணும். அதுவும் பச்சையா வந்தா பிளாக்கிங், அதாவது கண்ட இடத்துல ஒட்டாம தடுக்கறது, பத்தல, 5 சதவீதம் ஆட்டு சீரம் போட்டு அரை மணி நேரம் வெச்சு பாரு. அப்புறம் ஒரு கவர்ஸ்லிப்ப வேணும்னே அரை மணி ஐஸ்ல வெச்சு, சூடு பண்ணாம அப்படியே ஃபிக்ஸ் பண்ணு, அதுல நூல் பெரும்பாலும் காணாம போய் பக்கத்துல இருக்கற சூடான ஸ்லைட்ல மட்டும் நூல் தெரிஞ்சா, நீ பாக்கறது மைக்ரோட்யூப்யூல் தான்னு கைட் கிட்ட தைரியமா சொல்லலாம். மூணு ஸ்லைடுக்கும் எக்ஸ்போஷர் ஒண்ணே இருக்கணும், ஆட்டோ எக்ஸ்போஷர்ல விட்டா இருட்டு ஸ்லைடும் வெளிச்சமா தான் காட்டும். படம் வந்ததும் அனுப்பு, இதே பக்கத்துல போடறேன்.

கேள்வி: ஃபல்லாய்டினும் ஆக்டினுக்கான ஆன்டிபாடி தான? (அதே மாணவியோட தோழி)

இல்லம்மா, அது அமனிடா ஃபல்லாய்ட்ஸ்ங்கற விஷக் காளானோட நஞ்சு, ஏழு அமினோ அமிலம் வளையமா கோத்த சின்ன மூலக்கூறு, செல்லுக்குள்ள இருக்கற இன்னொரு நூல் புரதமான ஆக்டின்ல, அதுவும் நூலா கோத்த ஆக்டின்ல தான் ஒட்டும். மெத்தனால் ஃபிக்ஸ் பண்ணா வேலை செய்யாது, ஏன்னா ஆக்டின் நூலோட வடிவமே குலைஞ்சுடும், அதனால ட்யூபுலினையும் ஆக்டினையும் ஒரே செல்லுல பாக்கணும்னா சூடான பாராஃபார்மால்டிஹைடு தான். ஆக்டினுக்கு ஆன்டிபாடிய முயல்ல உண்டாக்கறதே ஒரு காலத்துல கஷ்டம், எல்லா விலங்குலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கறதால முயலோட உடம்பு அத அந்நியமாவே பாக்காது. 1974ல லாசரைட்ஸ், வெபர்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் புரதத்த எஸ்டிஎஸ்ங்கற சோப்பு மாதிரி பொருள்ல குலைச்சு ஜெல்ல பிரிச்சு முயலுக்கு ஊசி போட்டு அத சாதிச்சாங்க, தசை செல்லா இல்லாத மத்த செல்லுலயும் ஆக்டின் கட்டுக்கட்டா ஓடுறத அப்ப தான் எல்லாரும் இவ்ளோ தெளிவா பாத்தாங்க.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. ஏஎன்ஏ டெஸ்ட் ரிப்போர்ட்ல சைட்டோபிளாசம் ஃபைப்ரில்லார், 1:80னு வந்திருக்கு. நெட்ல பாத்தா ஈரல் வியாதின்னு போட்டிருக்கு, தூக்கமே வரல. (வாசகி, கும்பகோணம்)

பதறாதீங்க. ஏஎன்ஏங்கறது நம்ம சொந்த செல்லையே பிடிக்கற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு பாக்கறது, மேல சொன்ன அதே டெஸ்ட் தான் இது, ஒரு சின்ன மாத்தத்தோட. இங்க பிரைமரி ஆன்டிபாடி கம்பெனி வயல்ல இருந்து வரல, உங்க அம்மாவோட ரத்தத்துல இருந்து வருது. ஹெப்-2ங்கற செல் இருக்கற ஸ்லைடு மேல சீரத்த ஊத்தி, மனுஷ ஆன்டிபாடிய பிடிக்கற ஒளிர்ற செகண்டரிய போட்டு பாக்கறாங்க. அம்மாவோட ரத்தத்துல செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி இருக்கற நூல் புரதம் எதையோ பிடிக்கற ஆன்டிபாடி கொஞ்சம் இருக்கு, அதான் நியூக்ளியஸுக்கு வெளிய (சைட்டோபிளாசம்) நூலா (ஃபைப்ரில்லார்) தெரிஞ்சிருக்கு. அந்த நூல் நேர்கோடா ஓடினா ஆக்டினா இருக்கலாம், உடம்போட எதிர்ப்பு சக்தியே ஈரல தாக்கற ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ்ல வரது அந்த வகை, நீங்க நெட்ல படிச்சது அதத்தான். வலையா பரவி இருந்தா விமென்டின், கெரட்டின் மாதிரி வேற புரதங்க, அது எத்தனையோ சாதாரண காரணத்துக்கும் வரும்.

1:80னா சீரத்த 80 மடங்கு நீர்க்க வெச்சும் ஒளிர்றது தெரியுதுன்னு அர்த்தம், அது கம்மியான அளவு. 1997ல வந்த ஒரு பன்னாட்டு ஆய்வுல நல்லா ஆரோக்கியமா இருக்கறவங்கள்லயே சுமார் 13 சதவீதம் பேருக்கு இந்த அளவுல ஏஎன்ஏ பாசிட்டிவ் வந்துச்சு. அதனால இந்த ஒரு ரிப்போர்ட்ட வெச்சு வியாதின்னு யாரும் சொல்ல முடியாது, ஒண்ணுமில்லன்னும் நான் இங்க உக்காந்து சொல்லக்கூடாது. மூட்டு டாக்டர் கிட்ட ரிப்போர்ட்ட காமிச்சு ரெண்டு விஷயம் கேளுங்க, நூல் நேர்கோடா வலையான்னு லேப்புல கேட்டு சொல்ல முடியுமா, ஈரல் ரத்தப் பரிசோதனை ஒண்ணு பாத்துடலாமா. ஈரல் எண்கள் ஏறியிருந்தா ஸ்மூத் மசில் ஆன்டிபாடி டெஸ்ட் எழுதித் தருவாங்க, அது எலியோட வயிறு, சிறுநீரகத் திசு மேல இதே முறையில பாக்கறது. போகும்போது அம்மா சாப்பிடற நாட்டு மருந்து, வலி மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, ஈரல பத்தி பேசறப்போ டாக்டர் மொதல்ல கேக்கறது அது தான்.