அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மதுரை வில்லாபுரத்தில் அம்மாவுடன் இருக்கிறேன். கப்பலூர் பக்கம் ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் வேலை. 11,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தேன், இப்போது 24,000 வருகிறது. பி.எஃப். பிடிக்கத் தொடங்கி 9 வருடம் 1 மாதம் ஆகிறது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அம்மாவுக்கு 73 வயது, குடும்ப ஓய்வூதியம் 14,200 ரூபாய். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆனால் கொஞ்ச நாளாக மறதி தட்டுகிறது. பகலில் ஆள் வைத்தால் 12 மணி நேரத்துக்கு 700 ரூபாய் கேட்கிறார்கள். மருந்து, டயப்பர், சாப்பாட்டுக்கு மாதம் 9,000 ஆகிறது. அம்மா பேரில் வங்கியில் 11 லட்சம் எஃப்.டி. உள்ளது, வீடும் அம்மா பேரில்தான். அண்ணன் கோவையில், தம்பி துபாயில். "ஆளுக்குக் கொடுக்கிற பணத்துக்கு நீயே வேலையை விட்டுட்டுப் பார்த்துக்கலாமே" என்கிறார்கள். விடலாமா? வெளியிலிருந்து என்ன உதவி கிடைக்கும்?

பதில்: இப்போதைக்கு விடாதீர்கள். 24,000 சம்பளத்தில் 21,000 ஆளுக்கே போய்விட்டால் மிச்சம் 3,000தானே என்பதுதான் உங்கள் வீட்டில் போடும் கணக்கு. இந்தக் கணக்கு தொடங்கும் இடமே தவறு. ஆள் கூலி அம்மாவின் செலவு. அதை முதலில் அம்மாவின் வருமானத்தில் கழிக்க வேண்டும், பற்றாததை மூன்று பிள்ளைகளும் பகிர வேண்டும். உங்கள் சம்பளத்தில் மட்டும் கழித்துப் பார்த்தால் வேலையை விடுவதுதான் லாபம் என்று எப்போதுமே தோன்றும்.

அம்மாவின் வருமானத்தைப் பார்ப்போம். 11 லட்சத்தில் 2 லட்சத்தை அவசரத்துக்கு வங்கியிலேயே விட்டுவிடுங்கள். 9 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய் வரும். மாதத்துக்கு 6,150. தபால் நிலையத்திலும் பெரும்பாலான வங்கிகளிலும் இந்தக் கணக்கைத் தொடங்கலாம். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மாற்றியமைக்கும், ஆனால் நீங்கள் போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கும் நிலைக்கும். எஃப்.டி.யை இடையில் உடைத்தால் வங்கி வட்டியைக் குறைத்துக் கொடுக்கும் என்பதால், ஒவ்வொன்றும் முதிர முதிர மாற்றுங்கள். புதிய கணக்கை ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது, கொடுத்த வட்டியையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வருடத்துக்கு மேல், இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் போகும், அதற்குப் பிறகு 1 சதவீதம். 2 லட்சத்தைத் தனியே வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஓய்வூதியம் 14,200, வட்டி 6,150. ஆக 20,350. ஆளுக்கு ஞாயிறு விடுமுறை கொடுத்து 26 நாள் கணக்கிட்டால் 18,200. அதோடு நீங்கள் சொன்ன மருந்து, டயப்பர், சாப்பாட்டுச் செலவு 9,000 சேர்ந்தால் மொத்தச் செலவு 27,200. துண்டு விழுவது 6,850. அண்ணனும் தம்பியும் தலைக்கு 3,500 அனுப்பினால் சரியாகிவிடும். உங்கள் பங்கு ராத்திரியும் ஞாயிறும். அதற்கு மேல் உங்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை. மாதம் இரண்டு ஞாயிறு அண்ணன் கோவையிலிருந்து வந்து போனால் உங்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

வேலையை விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கில் இருக்கிறது. பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும். கடைசி வருடத்தில் 6 மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதை முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது 9 வருடம் 6 மாதம் முடித்தால் உங்களுக்கு 10 வருடம். இன்னும் ஐந்து மாதம்தான். இப்போதே விட்டால் ஓய்வூதியப் பங்கு ஒரு தொகையாகக் கைக்கு வந்து கரைந்துவிடும். முடித்துவிட்டால் 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. கடைசி ஐந்து வருடச் சராசரிச் சம்பளம், இந்த ஓய்வூதியக் கணக்குக்கான உச்சவரம்பான 15,000 என்று கொண்டால் மாதம் சுமார் 2,140 ரூபாய். சிறிய தொகைதான், ஆனால் அது உங்களுடையது. பக்கவாதம் வந்த சமயத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த மாதங்கள் கணக்கில் குறைந்திருக்கலாம். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணை வைத்துப் பாஸ்புக்கை எடுத்து, மாதாமாதம் பங்களிப்பு விழுந்திருக்கிறதா என்று விரலால் தொட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகும் வேலையில் இருப்பதே நல்லது. முடியாமல் போனாலும் பி.எஃப். பணத்தை எடுக்காமல் விட்டுவையுங்கள்.

இனிச் சொல்வதுதான் மிக அவசரமானது: அம்மாவின் கையெழுத்து. வலது கை விழுந்தவர்களின் கையெழுத்து மாறிவிடும், வங்கியில் பொருந்தாது, செக் திரும்பும். மறதியும் தொடங்கியிருக்கிறது என்கிறீர்கள். அம்மா தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடிய காலம் இதுதான். இந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் வங்கி. அம்மாவால் கையெழுத்துப் போட முடியாது என்று மருத்துவரிடம் சான்று வாங்கி, கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். முடியாதவர்கள் கைநாட்டு வைத்தே கணக்கை நடத்தலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யச் சொல்லி 2017 முதல் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள். "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்று கவுண்டரில் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள், மேலாளரிடம் கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

அதே நாளில் எஃப்.டி. ஒவ்வொன்றுக்கும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம், மூன்று பிள்ளைகளுக்கும் சதவீதம் போட்டுக் கொடுத்துவிட முடியும். அம்மாவும் நீங்களும் சேர்ந்து 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் புதிதாக ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கைக் கருவூலத்தில் கேட்காமல் மாற்றாதீர்கள். அதிலிருந்து மாதாமாதம் தானாகவே புதிய கணக்குக்குப் பணம் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுத்தால் போதும்.

அம்மாவின் ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் கையில் இருப்பதால் பல வீடுகளில் இதையெல்லாம் தள்ளிப்போடுவார்கள். கார்டு காலாவதியாகும் நாளில், அல்லது போன் நம்பர் மாற்ற வேண்டிய நாளில் எல்லாம் நின்றுவிடும். கூடப் பிறந்தவர்கள் பின்னாளில் கணக்குக் கேட்டால், நீங்கள் எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டியும் வரும்.

அம்மாவுக்காக நீங்கள் செயல்பட பொது அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் எழுதிக்கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் நம் சட்டப்படி அந்த அதிகாரமும் அத்தோடு முடிகிறது. மறதி நோய்க்கு அது காவல் இல்லை. அந்த நிலைக்குப் போனபின் பாதுகாவலராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். செலவும் காலமும் பிடிக்கும் வேலை அது.

வீட்டுக்கு இப்போது உயில் மட்டும் போதும். அம்மாவின் விருப்பப்படி, அவர் மனத்தெளிவோடு இருப்பதாக அதே வாரத்தில் நரம்பியல் மருத்துவரிடம் சான்று வாங்கி, பயன்பெறாத இருவரைச் சாட்சியாக வைத்து எழுதுங்கள். கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுங்கள். யாராவது "இப்பவே செட்டில்மென்ட் போட்டுடலாம், செலவு கம்மி" என்று, அதாவது வீட்டை இப்போதே பிள்ளை பேருக்கு எழுதிவிடலாம் என்று சொன்னால் அவசரப்பட வேண்டாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 என்பதால் பலர் இந்த வழிக்குப் போகிறார்கள். உயிலை மாற்றலாம், செட்டில்மென்ட்டை அம்மா நினைத்தபடி மாற்ற முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், எழுதி வாங்குபவர் அம்மாவைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அது இருந்தால், பராமரிக்காதபோது 2007-ஆம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

வெளி உதவிக்கு வருவோம். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மா பெயரைச் சேருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். இதில் பலர் கேட்காமல் விடுவது இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் செவிலியர் சேவையும். இரண்டுமே வீட்டுக்கு வந்து தருவது, இரண்டுக்கும் பணம் கிடையாது. தனியார் பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துக்கொண்டிருந்தால் இங்கேயே மிச்சம் பிடிக்கலாம். மற்ற மாத்திரைகளை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை கேளுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்துவிட்டதால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக்கு அம்மாவை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள், ஒரு தாள் குறைந்தாலும் இன்னொரு நாள் ஆட்டோ பிடிக்க வேண்டும். அட்டை வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சக்கர நாற்காலி உட்பட என்னென்ன கிடைக்கும் என்று விசாரியுங்கள். 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை ஆதரவற்றோருக்கானது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாவுக்குக் கிடைக்காது, அதற்காக இ-சேவை மையத்துக்கு அலைய வேண்டாம்.

மருத்துவக் காப்பீட்டில், அம்மாவின் ஓய்வூதியத்தில் காப்பீட்டுக்கு மாதாமாதம் பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து, எந்தெந்த மருத்துவமனை அதில் உண்டு என்று குறித்துவையுங்கள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000. அம்மாவின் ஓய்வூதியமே 1,70,400 வருவதால் பொருந்தாது. 70 வயது தாண்டியவர்களுக்கு வருமான வரம்பில்லாத 5 லட்சம் ரூபாய் மத்திய திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. ஆயுஷ்மான் செயலியில் ஆதார் எண்ணைக் கொண்டு தகுதியைப் பார்க்கலாம். எதுவானாலும் இவை படுக்கையில் சேர்த்து எடுக்கும் சிகிச்சைக்கானவை. வீட்டில் வைக்கும் ஆளுக்கோ டயப்பருக்கோ ஒரு ரூபாய்கூட வராது.

ஆள் வைக்கும்போது ஏஜென்சியிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது வேலையில் அடங்குமா, ஆள் வராத நாளில் மாற்று ஆள் எத்தனை மணிக்குள் வருவார், முன்பணம் எவ்வளவு திரும்பும். ஆதார் நகலும் காவல் துறைச் சரிபார்ப்பும் இல்லாமல் வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு நாள் லீவு போட்டுக் கூடவே இருங்கள். விழுந்துபோன வலது கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும், முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும். படுத்தே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். திருப்பிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். படுக்கைப் புண் வந்துவிட்டால் ஆள் கூலியைவிட ஆஸ்பத்திரிச் செலவு பெரிதாகும். காற்றுப் படுக்கையை வாங்குவதற்கு முன் பனகல் சாலைப் பக்கத்து சர்ஜிக்கல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைக் காட்டும் வருடாந்திர நேர்காணலை மறந்துவிடாதீர்கள், தவறினால் ஓய்வூதியம் நிற்கும். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு மின்னணு வாழ்நாள் சான்றிதழ் எடுத்துத் தருவார். அப்படியே ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மாவின் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 80 வயதில் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் உண்டு, தேதி இல்லாமல் அது தானாக வராது.

அண்ணன், தம்பியிடம் பேசும்போது மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். பணத்தை உங்களுக்கு அனுப்ப வேண்டாம், அந்தக் கூட்டுக் கணக்கில் போடட்டும். மாதக் கடைசியில் பாஸ்புக் பக்கத்தைப் படமெடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். எவ்வளவு சொல்லியும் தராவிட்டால், அம்மா பேரில் வருவாய் கோட்டாட்சியரிடம் உள்ள பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை, மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். மனு எழுதவும் வழி கேட்கவும் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, இலவசம். அண்ணனிடம் மனுவைப் பற்றிப் பேசுவதற்கு முன் தாளைக் காட்டுங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் பெயரில் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மில்லின் குழுக் காப்பீட்டில் இருந்தால் அது வேலையோடு போய்விடும். 44 வயதில், நோய் எதுவும் இல்லாதபோதே 5 லட்சத்துக்கு எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முதுகுவலி, தைராய்டு என்று ஏற்கெனவே ஏதாவது இருந்தால் எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். அவற்றுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான், மறைத்தால் க்ளெய்மே போய்விடும்.