செய்மதிப் படத்துப் பச்சையை நம்பி வள்ளம் விடலாமா?

கேள்வி: முல்லைத்தீவில் தொழில் செய்கிறேன். மாதாமாதம் காசு கட்டினால் ஒருவர் வாட்ஸ்அப்பில் செய்மதிப் படம் அனுப்புகிறார். பச்சைத் திட்டு உள்ள இடத்தில் மீன் நிற்குமாம். இரண்டு தரம் போய் மண்ணெண்ணெய்தான் கரைந்தது. படம் பொய்யா?

பதில்: படம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது எந்த நாள் படம் என்று கேட்டீர்களா?

தாவரப் பிளாந்தன் என்பது கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் நுண்பாசி. அதன் பச்சையம் வெயிலின் நீலத்தை உறிஞ்சுவதால், அது கூடின இடத்தில் கடல் பச்சை தட்டும். செய்மதி பார்ப்பது அந்த நிறத்தை, மீனை அல்ல. ஆழத்துச் சத்துநீர் மேலே வந்த இடத்தில் பாசி பெருகும். நீரோட்டமும் சுழியும் அதைத் திட்டுத் திட்டாக இழுத்துப் போகும், சில நாளில் கலைத்தும் விடும். அதைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகி, சூடையும் நெத்தலியும் வந்து சேரவும் நாள் எடுக்கும்.

முகில் மூடினால் செய்மதிக்குக் கடலே தெரியாது. அதனால் 8 நாள் படங்களை ஒன்றாக்கி வைப்பார்கள். ஆராய்ச்சிக்கு அது சரி. உங்களுக்குச் சரிவராது, போன கிழமைத் திட்டும் நேற்றைய திட்டும் அதில் கலந்து கிடக்கும். அதைத்தான் சிலர் திகதியை வெட்டிவிட்டு ‘இன்றைய படம்’ என்று விற்கிறார்கள். திகதி இல்லாத படத்துக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

வாடைக் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். மழை கொட்டி நாயாறு, கொக்கிளாய், நந்திக்கடல் முகத்துவாரங்கள் திறந்தால், சேறும் இலைதழை ஊறின பழுப்பு நீரும் கடலில் இறங்கும். செய்மதிக் கணக்கு அதையும் பச்சையம் என்று எடுத்துக்கொள்ளும். படத்தில் கரையோரம் பெரிய திட்டுத் தெரியும், அங்கே இருப்பது கலங்கல். ‘கரைக்குக் கிட்ட, செலவு குறைவு’ என்று முதலில் காட்டுவதும் அந்தத் திட்டைத்தான்! மழைக்குப் பிறகு கரையை ஒட்டின பச்சையை நம்பவே வேண்டாம். மன்னார்ப் பக்கம் ஆழம் குறைந்த இடங்களில் அடிநிலத்தின் நிறமும் இப்படி ஏமாற்றும்.

இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. நாசாவின் அக்குவா செய்மதியில் உள்ள மோடிஸ் கருவி 2002 முதல் இந்தக் கடலைப் படமெடுத்து வருகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-3 செய்மதி 300 மீற்றர் நுணுக்கத்தில் தருகிறது. இரண்டும் இலவசம். அதை வாடிக்கு வந்து தமிழில் விளக்க ஒரு ஆளைப் போட இத்தனை வருடமாக யாருக்கும் மனம் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் திகதி போட்டுக் குளோரபில் (பச்சையம்) படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். படம் விற்பவர் அனுப்பியதோடு ஒப்பிடுங்கள். ஒருநாள் படமா, 8 நாள் படமா என்று அவரிடமே கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அடுத்த மாதக் காசை நிறுத்துங்கள்.