எடை இறங்கும் முன்பே சர்க்கரை இறங்குவது ஏன்?

என் அக்காவுக்கு வயது 44, எடை 112 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின். போன மாதம் இரைப்பை பைபாஸ் செய்தார்கள். ஒரே வாரத்தில் இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். எடை அப்போது நாலு கிலோகூடக் குறையவில்லை. இது எப்படி? நோய் போய்விட்டதா?
– வாசகி, ஈரோடு

முதல் வார மாற்றத்துக்குப் பெரும் பங்கு கல்லீரலுக்கு. கொழுப்பு ஏறிய கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் இரவெல்லாம் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டிருக்கும். அறுவைக்குப் பின் சாப்பாடு சில நூறு கலோரிதான் என்பதால் அந்தக் கொழுப்புதான் வேகமாகக் கரைகிறது. வெறும்வயிற்றுச் சர்க்கரை முதலில் இறங்குவது இதனால்தான்.

அடுத்தது குடல். பைபாஸில் சுமார் 30 மில்லி மட்டும் கொள்ளும் சிறு பையாக இரைப்பையைப் பிரித்து, சிறுகுடலில் சற்றுத் தள்ளி இணைக்கிறார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாமல் சீக்கிரமே கீழே போய்ச் சேர்வதால், அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஹார்மோன்களைப் பல மடங்கு சுரக்கின்றன. ஜிஎல்பி-1 கணையத்தைத் தூண்டி, சாப்பிட்டதும் இன்சுலினை வரவழைக்கும். இரண்டும் சேர்ந்து பசியை அடக்கும். இரைப்பையை நீளக் குழாய்போலச் சுருக்கும் 'ஸ்லீவ்' முறையில் இவற்றோடு, பசியைக் கிளப்பும் கிரெலின் அதிகம் சுரக்கும் இரைப்பைப் பகுதியும் நீக்கப்படுகிறது.

தசைகளின் இன்சுலின் எதிர்ப்பு இவ்வளவு சீக்கிரம் தீராது. எடை குறையக் குறைய, மாதக்கணக்கில்தான் சரியாகும்.

போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். மருந்தே இல்லாமல் மூன்று மாதமாவது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'ரெமிஷன்', அதாவது நோய் அடங்கிய நிலை என்கிறோம். நோய் பல வருடம் பழகியிருந்தால், அதிலும் இன்சுலின் போட்டிருந்தால், அந்த வாய்ப்பு குறைவு. ரெமிஷன் வந்தாலும் பிறகு நோய் திரும்பலாம். அமெரிக்காவின் ஸ்டாம்பீட் ஆய்வில் ஐந்தாம் ஆண்டு முடிவில் எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. நல்ல பலன்தான், ஆனால் எல்லோருக்கும் இல்லை. ஆகவே வருடந்தோறும் எச்பிஏ1சி, கண், சிறுநீரகப் பரிசோதனை தொடரட்டும். சர்க்கரை சட்டென்று இறங்கும்போது விழித்திரைப் பாதிப்பு சிலருக்கு மோசமாவதும் உண்டு.

வீட்டில் பழைய கிளிமிபிரைடு சர்க்கரை மாத்திரை மிச்சமிருந்தால் அக்கா தானாக எடுத்துப் போட வேண்டாம். இந்தக் குறைந்த சாப்பாட்டில் தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும். டாபாகிளிப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை, ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸில் கொண்டுபோய் விடலாம். மூட்டுவலிக்கு டைக்லோபினாக், ஐபுபுரோபென் கூடாது, இணைப்பில் புண் வரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வாந்தி நிற்காவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; தயமின் (வைட்டமின் பி1) குறைந்தால் நரம்பும் மூளையும் கெடும்.

பிசிஓடி (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தது. ஸ்லீவ் செய்தபின் மாதவிலக்கு ஒழுங்காகிவிட்டது. உடனே குழந்தைக்கு முயலலாமா?
– வாசகி, மதுரை

ரத்தத்தில் இன்சுலின் குறைந்ததும் சூலகத்தில் ஆண் ஹார்மோன் சுரப்பும் குறைந்து, முட்டை வெளியாவது சீராகிறது. எதிர்பாராமல் கரு தங்கிவிடுவது இதனால்தான். அறுவைக்குப் பின் எடை வேகமாகக் குறையும் 12–18 மாதம் வரை தள்ளிப்போடுங்கள். சத்துக் குறைவு குழந்தையையும் பாதிக்கும். இடைக்காலத்துக்குக் காப்பர்-டி நம்பகமானது. முயலத் தொடங்கும் முன் இரும்பு, பி12, போலேட் அளவுகளைப் பார்த்துவிடுங்கள்.