மணிக்கு 12.21 பவுண்டு என்றால் கைக்கு எவ்வளவு வரும்?

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். துபாயில் 19 வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். என் மகன் (24 வயது) 2025 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்கு எம்.எஸ்சி. படிக்கப் போனான். அக்டோபர் கடைசியில் ஒரு குடோனில் பகுதிநேர வேலை கிடைத்தது. மணிக்கு 12.21 பவுண்டு, வாரம் 20 மணி நேரம். நவம்பரில் 80 மணி நேரம் பார்த்திருக்கிறான். கணக்குப்படி 976 பவுண்டு வர வேண்டும், வந்தது 763. கம்பெனி ஏமாற்றுகிறதா? இவன் படிப்புக்காக மச்சானிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் கைமாத்து வாங்கியிருக்கிறேன். மாதம் 50,000 ரூபாய் அனுப்புவான், அடைத்துவிடலாம் என்று அவர்களிடம் சொல்லியும் விட்டேன். சம்பளச் சீட்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: கம்பெனி ஏமாற்றவில்லை. ஆனால் 763 சரியான தொகையும் இல்லை. உங்கள் மகனுக்கு ஏறக்குறைய 195 பவுண்டு திரும்பி வர வேண்டியிருக்கிறது. அதை வாங்கும் வழியைச் சொல்லிவிட்டு, 50,000 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமெல்லாம் வெளிநாட்டுச் சம்பளம் என்றால் நமக்குப் பழகியது வளைகுடாக் கணக்கு. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. பேசிய திர்ஹத்தை அன்றைய ரேட்டால் பெருக்கினால் வீட்டுக்கு வரும் தொகை தெரிந்துவிடும். இங்கிலாந்துக் கணக்கு பாம்பன் விசைப்படகுக் கணக்கு மாதிரி: டீசலும் ஐஸும் கழிந்த பிறகுதான் பங்கு. அதனால் ரூபாயாக மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பவுண்டிலேயே கழிக்க வேண்டியதைக் கழித்துவிட வேண்டும்.

சீட்டில் மூன்று வரிகள் முக்கியம். மொத்தம் 976.80. வருமான வரி 195.20. பென்ஷன் 18.27. மீதி 763.33. வரிக் குறியீடு என்ற இடத்தில் 'பி.ஆர்.' என்று இருக்கிறது. சிக்கல் இங்கேதான். பி.ஆர். என்றால் வரிவிலக்கு எதுவும் கொடுக்காமல் முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பது. இரண்டாவது வேலைக்குத்தான் பொதுவாக இந்தக் குறியீட்டைப் போடுவார்கள். வேலையில் சேரும்போது கொடுக்கும் படிவத்தில் ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள் இருக்கும். 'எனக்கு வேறு வேலையும் இருக்கிறது' என்பது சி. அவசரத்தில் அதை டிக் செய்திருப்பான். இந்த வரி ஆண்டில் இதுதான் அவனுக்கு முதல் வேலை என்றால் ஏ-யைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை. மாணவன், வெளிநாட்டுக்காரன் என்று இதில் குறைப்பதும் இல்லை. நடுவில் வந்து சேர்ந்தாலும் முழு ஆண்டின் விலக்கும் உண்டு. உங்கள் மகன் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் 5 வரை எவ்வளவு உழைத்தாலும் ஐயாயிரம் பவுண்டைச் சுற்றித்தான் வரும். அதாவது இந்த வரி ஆண்டில் அவன் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம்.

எனவே அவன் உடனே வரித் துறையைத் தொடர்புகொள்ளட்டும். எச்.எம்.ஆர்.சி. என்பது அதன் பெயர். இணையக் கணக்கு வழியாகவோ தொலைபேசியிலோ, தனக்கு இது ஒரே வேலைதான் என்று சொல்ல வேண்டும். குறியீடு 1257 எல் என்று மாறிவிட்டால், பிடித்த வரி அடுத்த சம்பளத்தோடு தானாகத் திரும்பிவிடும். இதற்காக யாரிடமும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம். விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டினீர்களே, அது வேறு, இது வேறு. வாரச் சம்பளம் 242 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் மட்டும் 8 சதவீதம் பிடிப்பார்கள். மாதச் சம்பளமாக வந்தால் எல்லை 1,048 பவுண்டு. வருமான வரியைப் போல ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்க்காமல், அந்தந்தச் சம்பளத்தோடு தனித்தனியாகக் கணக்கை முடித்துவிடுவார்கள். நவம்பரில் 976.80 தான் என்பதால் உங்கள் மகனுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

12,570-ஐ 52 வாரத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட அதே 242 வருகிறது. இதை வைத்து நான் எல்லோருக்கும் சொல்லும் மனக்கணக்கு ஒன்று உண்டு. வாரச் சம்பளத்தில் முதல் 242 பவுண்டு முழுசாகக் கைக்கு வரும். அதற்கு மேல் உள்ளதில் நூற்றுக்கு 72 வரும். 20 வருமான வரி, 8 இன்சூரன்ஸ். வாரம் 967 பவுண்டு வரை இந்தக் கணக்கு ஓடும். ஸ்காட்லாந்தில் வரி விகிதங்கள் வேறு என்பதால் அங்கே கொஞ்சம் மாறும்.

12.21-ஐ 20-ஆல் பெருக்கினால் 244.20. கைக்கு 243.58. 12.21 என்பது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை, 21 வயது நிரம்பியவர்களுக்கான சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. 2026 ஏப்ரல் முதல் அது 12.71. அப்போது வாரம் 254.20, கைக்கு 250.78. வாரத்தை மாதமாக்கும்போது 4-ஆல் பெருக்காதீர்கள், 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுங்கள். 12.21 கூலியில் மாதம் சுமார் 1,055 பவுண்டு வரும். இது 20 மணி நேரமும் தவறாமல் கிடைத்தால். கிறிஸ்துமஸ் சமயத்தில் குடோன் வேலை குவியும், ஜனவரியில் படுத்துவிடும். நானாக இருந்தால் வீட்டுக் கணக்கை 16 மணி நேரத்துக்குத்தான் போடுவேன். எட்டு மணி நேர ஷிஃப்டில் அரை மணி இடைவேளைக்குக் கூலி தராத இடங்களும் உண்டு. ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

விடுமுறைச் சம்பளம் என்று ஒன்றும் அவனுக்குச் சேரும். நேரம் மாறிமாறி வரும் வேலைக்கு அது உழைத்த நேரத்தில் 12.07 சதவீதம். சில ஏஜென்சிகள் இதையும் சேர்த்து மணிக்கு 13.68 பவுண்டு என்று விளம்பரம் செய்வார்கள். 12.21-உம் விடுமுறைப் பணமும் சேர்ந்ததுதான் அது. கூடுதல் கூலி என்று நம்பி வேலை மாறிவிட வேண்டாம்.

பென்ஷனுக்கு வருவோம். 22 வயதைத் தாண்டி, மாதம் 833 பவுண்டுக்கு மேல் வாங்கினால் தானாகவே சேர்த்துவிடுவார்கள். முதலாளியும் 3 சதவீதம் போடுவார், வட்டி விஷயம் பார்ப்பவர்களுக்கு நெஸ்ட் என்ற திட்டத்தில் ஷரியா நிதியும் இருக்கிறது. ஆனால் பணம் வயது 55 வரை வெளியே வராது, 2028-இலிருந்து 57. சேர்த்த ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்ததைத் திருப்பித் தந்துவிடுவார்கள். கைமாத்தில் படிக்கும் பிள்ளை இப்போதைக்கு விலகுவதே நல்லது என்பது என் கருத்து. அங்கேயே சில வருடம் வேலை பார்ப்பது உறுதியான பிறகு சேர்ந்துகொள்ளலாம்.

இனி உங்கள் 50,000 ரூபாய். ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் சுமார் 435 பவுண்டு. 1,055-இல் அதைக் கழித்தால் மிஞ்சுவது 620. வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் அதில் அடங்க வேண்டும். விசாவுக்காக நீங்கள் வங்கியில் காட்டிய பணத்தை நினைத்துப் பாருங்கள்: மாதம் 1,136 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 10,224. லண்டனுக்கு வெளியே ஒரு மாணவன் வாழ இவ்வளவு வேண்டும் என்று அந்த அரசாங்கமே போட்ட கணக்கு அது. முழுசாக 20 மணி நேரம் உழைத்தாலும் அவன் சம்பளம் அதை எட்டவில்லை. படிப்பு முடியும் வரை அவனிடம் பணம் எதிர்பார்க்காதீர்கள்.

எதிர்பார்த்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாப்பா கேட்கிறாரே என்று, மாணவர் விசா வாரத்துக்கு அனுமதிக்கும் 20 மணி நேரத்தைத் தாண்டுவான், அல்லது ரொக்கக் கூலிக்கு எங்காவது போவான். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் என்று எண்ணி, எல்லா வேலைகளையும் சேர்த்துத்தான் அந்த 20 மணி நேரம். முதுநிலைப் படிப்பில் கோடையில் ஆய்வறிக்கை எழுதும் மாதங்களும் பொதுவாகப் படிப்புக் காலம்தான். இளநிலை மாணவர்களுக்குக் கிடைக்கும் கோடை விடுமுறைச் சலுகை அவனுக்கு இருக்காது. மீறினால் விசாவே போய்விடும். வாங்கிய கைமாத்தும் கட்டிய ஃபீஸும் அதோடு போகும்.

அவனிடம் மிஞ்சுவதை அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசாவுக்கு (படித்து முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை பார்க்கத் தரும் விசா) விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 1,035 வீதம் இரண்டு வருடத்துக்கு 2,070 பவுண்டு. விண்ணப்பக் கட்டணம் தனி. இந்தத் தொகைக்காக நீங்கள் மறுபடி மச்சான் வீட்டுப் படியேறக் கூடாது. 2026 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பித்தால்தான் இரண்டு வருடம். ஜனவரி ஒன்று பிறந்துவிட்டால் 18 மாதமாகிவிடும்.

முழுநேர வேலை கிடைத்த பின் கணக்கு மாறும். 12.71 கூலியில் வாரம் 40 மணி நேரம் என்றால் 508.40. முதல் 242 அப்படியே. மீதி 266.40-இல் 72 சதவீதம் 191.81. கைக்கு வாரம் 433.81, மாதம் சுமார் 1,880 பவுண்டு. மாணவன் என்பதால் இதுவரை இல்லாதிருந்த கவுன்சில் வரி (குடியிருக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வாங்கும் வரி) அப்போது வந்து சேரும். அதையும் வாடகையையும் சாப்பாட்டையும் கழித்த பிறகு 435 பவுண்டு அனுப்புவது நடக்கக்கூடிய காரியம்.

ஆகவே மச்சானிடமும் மற்ற இருவரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். 2027 தொடக்கத்திலிருந்து மாதாமாதம் என்று தவணை கேளுங்கள்.