பிளெத்தராவை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது?

வேலைக்கு அனுப்பும் கடிதத்தில் 'ஐ ஹேவ் எ பிளெத்தரா ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதலாமா, 'நிறைய' என்பதற்கு அதுதானே கொஞ்சம் கெத்தான சொல் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். அகராதியைப் புரட்டினால் 'ஏராளம்' என்றும் பொருள் இருக்கும்தான், ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'அளவுக்கு மிஞ்சி' என்ற வாடை இன்னும் போகவில்லை. முழுமை, நிறைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது மருத்துவர்களின் சொல்லாக இருந்தது, உடம்பில் ரத்தம் அதிகமாகிப்போன நிலைக்குப் பெயர். அதற்கு அன்றைய வைத்தியம், ரத்தக்குழாயைக் கீறி ரத்தத்தை வெளியேற்றுவது! முகம் ரத்தம் கட்டினாற்போல் சிவந்திருப்பதை மருத்துவத்தில் இன்றும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

தமிழில் இதற்கு நெருக்கமாக நிற்பது 'எக்கச்சக்கம்' என்பேன். 'எக்கச்சக்கமான படிவங்களை நிரப்பச் சொன்னார்கள்' என்றால் அலுப்பும் சேர்ந்தே கேட்கிறது இல்லையா, 'எ பிளெத்தரா ஆஃப் ஃபார்ம்ஸ்' அப்படித்தான். பாஸ்வேர்டுகள், விதிகள், புகார்கள் எல்லாவற்றுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். 'எனக்கு எக்கச்சக்கமான அனுபவம் உண்டு' என்று வேலை கேட்டு யாராவது எழுதுவார்களா?

இலக்கணமும் அங்கே கொஞ்சம் இடிக்கிறது. பிளெத்தராவின் பின்னால் ஆப்ஷன்ஸ், ரூல்ஸ் என்று பன்மை வருவதே இயல்பு, எக்ஸ்பீரியன்ஸோ எண்ண முடியாத பெயர்ச்சொல். இன்ஃபர்மேஷனோடு சேர்த்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அதைப் பெரிய தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் முன்னால் வரும் 'எ' மட்டும் விடுபடக்கூடாது. வினை ஒருமையா பன்மையா என்றால் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. பன்மைதான் காதுக்கு இதமாக இருக்கிறது. உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில்: 'பிளெத்'. நடுவில் 'தோ' என்று இழுப்பவர்களும் உண்டு.

சரி, கடிதத்தில் என்ன போடுவது? 'வெல்த் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' மரபான தொடர், பிழையில்லை, ஆனால் கொஞ்சம் தேய்ந்துபோனது. 'எக்ஸ்டென்சிவ் எக்ஸ்பீரியன்ஸ்' பரவாயில்லை. 'ஆம்பிள்' என்றால் போதுமான அளவுக்கு மேலேயே என்று பொருள், நேரம், இடம் பற்றிப் பேசும்போது அது அழகு. 'கலோர்' பேச்சு வழக்குச் சொல், ஐரிஷ் மொழியிலிருந்து வந்தது, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் நிற்கும், 'பிரைசஸ் கலோர்' (பரிசுகள் ஏராளம்) என்பதுபோல. விளம்பரத்துக்குச் சரி, விண்ணப்பத்துக்கு ஆகாது. என்னைக் கேட்டால், எத்தனை வருடம், என்ன வேலை என்று நேராக எழுதிவிடுங்கள்.