கடன் வாங்கி ஆல்பம் போடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குன்னூரில் இருக்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்டு நடத்துகிறோம். சொந்தமாக எழுதி இசையமைத்த ஆறு பாட்டுகளை நண்பன் வீட்டு மாடியறையில் பதிவு செய்து போன வருடம் வெளியிட்டோம். ஸ்பாட்டிஃபையில் கேட்பவர்கள் சில நூறு பேர்தான். ஊட்டியிலும் கோவையிலும் சின்ன இடங்களில் வாசிக்கிறோம், கூட்டம் சுமாராக வரும். அடுத்த ஆல்பத்தைச் சென்னையில் பெரிய ஸ்டுடியோவில் செய்தால்தான் மதிப்பார்கள் என்கிறார்கள். நான்கு லட்சம் ஆகும். பர்சனல் லோன் போடலாமா என்று யோசிக்கிறோம். மலையில் இருந்துகொண்டு சுயாதீன இசையில் பிழைக்க முடியுமா?

க.

அன்புள்ள க.,

லோன் போடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஸ்பாட்டிஃபை எண்ணிக்கையைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. மலையில் இருந்தால் முடியுமா என்பதும் வீண் கவலை. மேட்டுப்பாளையம் இறங்கினால் கோவை, இதில் என்ன தடை?

ஆனால் 'கூட்டம் சுமாராக வரும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம் வரவைத்தது. முன்பின் தெரியாதவர்கள் காசு கொடுத்து வந்து, எந்தச் சினிமாவிலும் வராத உங்கள் பாட்டைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்கிறார்கள். அவர்களைச் சுமார் என்று எழுத எப்படி மனம் வந்தது? அவர்களை விட்டுவிட்டு வேறு யார் மதிக்க வேண்டும் என்று நான்கு லட்சம் செலவழிக்கப் போகிறீர்கள்?

கலிபோர்னியாவில் சான் பெட்ரோ என்ற துறைமுக ஊரில் மினிட்மென் என்று மூன்று பேர் கொண்ட பேண்டு இருந்தது. 1984-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளோடு ஓர் இரட்டை இசைத்தட்டு போட்டார்கள். பதிவுக்கு ஆன செலவு சுமார் 1,100 டாலர். வாடகை குறைவான ராத்திரி நேரத்தில் ஸ்டுடியோ எடுப்பார்கள், பழைய டேப்பிலேயே பதிவார்கள், வேனைத் தாங்களே ஓட்டி, சாமான்களைத் தாங்களே சுமப்பார்கள். 1985 டிசம்பரில் கிடார் வாசித்துப் பாடிய டி. பூன் வேன் விபத்தில் இறக்கும்வரை அவர்கள் நிற்கவே இல்லை. ஒவ்வொரு பதிவும் தன் செலவைத் தானே தாங்கியதால் அடுத்ததற்கு வழி இருந்தது.

ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி, 2024-ல் மறைந்தவர், 1993-ல் ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டினார். பெரிய கம்பெனியில் இரண்டரை லட்சம் டாலர் முன்பணம் வாங்கி, இரண்டரை லட்சம் பிரதி விற்ற ஒரு பேண்டு. எல்லாரும் எடுத்துக்கொண்டது போக ஆளுக்கு மிஞ்சியது சுமார் 4,000 டாலர். அதற்கு மேல் ராயல்டி கணக்கில் கம்பெனிக்கு 14,000 டாலர் பாக்கி வேறு. முன்பணம் என்பதே கடன்தான். நீங்கள் கம்பெனிகூட இல்லாமல் நேராக பேங்கில் போய் அதை வாங்கப் பார்க்கிறீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. படுக மொழியில் பாட்டெழுதி, தானே பாடி, கேசட் போடுவார். ஃபேக்டரியில் இலை போட்ட பணம் வந்ததும் வெற்று கேசட் வாங்குவார். டபுள் டெக் டேப் ரெக்கார்டரில் ஒரு பக்கம் மாஸ்டர், மறுபக்கம் வெற்று கேசட். அரைமணி ஓடியதும் இரண்டையும் திருப்பிப் போடுவது என் வேலை. அட்டையைப் பிளேடால் வெட்டி, மடிப்பை நகத்தால் நீவி உள்ளே செருகுவோம். ஹெத்தையம்மன் பண்டிகையில் விற்போம், கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். விற்ற காசில் அடுத்த வருடக் கேசட். யாரிடமும் கைநீட்டியதில்லை.

பிறகு யாரோ அவரிடமும் சொன்னார்கள், பெரிய ஸ்டுடியோவில் செய்தால்தான் மதிப்பு என்று. கடன் வாங்கிக் கோவைக்குப் போனார். கீபோர்டு, கோரஸ், வயலின் எல்லாம் வைத்தார். பாட்டுகள் நன்றாகவே வந்தன, இன்றைக்குக் கேட்டாலும் நல்ல பாட்டுகள். அந்தச் சமயம்தான், 1990-களின் கடைசியில், நீலகிரி முழுக்கப் பசுந்தேயிலை விலை விழுந்தது. இலைக் காசு வட்டிக்கே போனது. கடன் அடைந்தபோது அவர் பாடுவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. தெருவில் பார்த்தால் என்னிடம் பாட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

உங்கள் ஆறு பாட்டையும் கேட்டேன். மூன்றாவது பாட்டில் பெண்குரல் தனியாக ஏறும் இடம் அபாரம், அப்படியே விட்டுவிடுங்கள். ஐந்தாவதில் டிரம்ஸ் குரலை அமுக்குகிறது. அடுத்த ஆல்பத்தையும் அதே மாடியறையில் செய்யுங்கள். டிரம்ஸை முதலில் வாசித்துப் பதிந்துகொண்டு, பாடுபவரைப் பிறகு அடுத்த அறையில், ஜன்னலுக்குக் கம்பளி கட்டிப் பாடவைத்துப் பதியுங்கள். தனித்தனியாகப் பதிந்ததை அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸிங்கை மட்டும் கோவையில் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அந்தச் செலவை அடுத்த நிகழ்ச்சிகளின் வசூலிலிருந்து எடுங்கள். போதவில்லையென்றால் ஆறு பாட்டுக்குப் பதில் நான்கு போதும். பிழைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாரும் இருக்கும் வேலையை விடவேண்டாம்.

ஆல்பம் வந்ததும் எழுதுங்கள். இலவசப் பிரதி அனுப்பாதீர்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.